எங்களைக் கேட்டு வாங்கிய அக்கா

"கோபால் மாஸ்டரு மறுபடியும் ஒழுகுறாரு. கீழ ஒரு துணி போடுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரிடம் சொல்வது எங்கள் சமையலறை வரை கேட்கும். புதிதாக வந்தவர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கோபால் மாஸ்டர் என்பது ஒரு பழைய ஃப்ரிட்ஜ்.

நிஜமான கோபால் மாஸ்டர் நமாகாவில் எங்கள் தெருவில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். ஃபிஜியில் முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்ததே, அதற்கு அடுத்த வருஷம் அவர் குடும்பத்தோடு வான்கூவருக்குப் போய்விட்டார். ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதை நாங்கள் 'கூ' என்போம். எங்கள் ஊரில் புயலுக்கு ஒரு சீசன் உண்டு, கூவுக்குச் சீசன் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். மாஸ்டர் போகும்போது அந்த ஃப்ரிட்ஜை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அதை அவர் ஃப்ரிட்ஜ் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவின் முன்னறையில் ஆக்லாந்துக்குப் போன சரோஜா தையல் மெஷினாக இருந்தாள். "சரோஜாவுக்கு எண்ணெ விடணும், ரொம்ப முனகுறா" என்பார். சுவரில் சிட்னிக்குப் போன நாயுடு கடிகாரமாகத் தொங்கினார். நாயுடு எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடுவார். "அந்த மனுசனும் அப்பிடித்தான். பந்தி போடறதுக்கு முன்னாடியே வந்து ஒக்காந்துக்குவாரு" என்று அக்கா அதைத் திருத்தி வைக்க மாட்டார்.

அக்கா குள்ளம். குரல் மட்டும் உயரம். பூப்போட்ட கவுன் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, யார் வீட்டுக்கும் பின்பக்கமாகத்தான் வருவார். எங்கள் தலைமுறையில் தமிழில் சண்டை போடத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான். மற்றவர்களெல்லாம் ஹிந்திக்கு மாறிப் பல காலம் ஆயிற்று. அக்கா மாறவில்லை. ஹிந்தியில் திட்டினால் பத்தவில்லை என்பார். அவர் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார். மனைவி பேசுவதில் மிச்சம் இருந்தால் அவர் பேசுவார், பெரும்பாலும் மிச்சம் இருக்காது.

யாராவது நாட்டை விட்டுப் போகப்போகிறார்கள் என்று மோப்பம் பிடித்துவிட்டால் அக்கா அந்த வீட்டுக்குள் போவார். டீ குடிப்பார். அறை அறையாக நடப்பார். கடைசியில் ஏதாவது ஒரு சாமான் மேல் கையை வைத்துக்கொண்டு, "இத நீ எடுத்துனு போவ மாட்ட. எனக்கு வெச்சிடு" என்பார். கேட்கிற மாதிரி இருக்காது, உத்தரவு மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் அதற்கு 'அக்கா கை வெச்சிட்டா' என்று பெயர். அக்கா கை வைத்தால் விசா நிச்சயம் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். என்னைப் போன்ற பெரிய மனிதர்கள் எரிச்சல்பட்டோம். இது ஒரு மாதிரி கௌரவமான பிச்சை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி, "கௌரவமான பிச்சையா இருந்தா நல்ல சாமானா பாத்து கேக்க மாட்டாங்களா? அந்த ஃப்ரிட்ஜ் கதவு கயித்தால கட்டியிருக்குது" என்றாள். நான் பேப்பரை எடுத்தேன். பதில் தெரியாதபோது பேப்பரை விரித்துக்கொள்வது என் வழக்கம்.

இங்கே என் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நான் விமான நிலையத்துச் சரக்கு ஆபீஸில் கிளார்க். ஊரார் பெட்டிகளின் நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுவதே என் வேலை. ஒரு பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தே அளவு சொல்வேன். கல்யாண வீட்டில் என்னிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவர்கள் கையில் இருக்கும் தட்டின் அளவைச் சொல்லிவிடுவேன் என்று என் மனைவி கேலி செய்வாள். இந்தப் பெருமைதான் பிறகு என்னைத் தெருவே வேடிக்கை பார்க்கும்படி வைத்தது.

தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்களே, அந்த வருஷம் நான் ரிட்டயர் ஆக வேண்டிய வருஷம். பிரிஸ்பேனில் இருந்த மகள் போனில் அழுதாள். "பஸ் பாபா, சலோ ஆஓ" என்றாள், போதும் அப்பா, கிளம்பி வாங்க என்று. என் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, அழுகையும் ஹிந்தியில்தான். போவது என்று முடிவு செய்தோம். யாருக்கும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம்.

அப்போது எல்லாரும் அப்படித்தான். போகிறவன் போகிறேன் என்று சொல்ல மாட்டான். விசா கிடைக்காமல் போனால் முகம் காட்ட முடியாது. கண் பட்டுவிடும் என்று பயம். சொன்ன மறுநாள் சொந்தக்காரர்கள் வந்து கட்டிலை எடுத்துக்கொள்வார்கள், நாம் புறப்படும் வரை தரையில் படுக்க வேண்டும். எனக்குக் கூடுதலாக இன்னொரு பயம், அக்கா வந்து கை வைப்பார் என்று. ஆகவே பெட்டி செய்ய ஆசாரியைக் கூப்பிடவில்லை. நானே செய்தேன். வீட்டு முன்னறைக்குள்ளேயே, ஜன்னல் லூவர் கண்ணாடிகளை இறுக்கி மூடிவிட்டுச் செய்தேன்.

சின்னச் சின்னப் பெட்டிகளாக அனுப்பினால் ஒன்று வரும், ஒன்று காணாமல் போகும். ஆபீஸில் தினமும் பார்த்த கதை. ஆகவே ஒரே பெட்டி, பெரிய பெட்டி, யாராலும் தூக்கிக்கொண்டு ஓட முடியாத பெட்டி என்று திட்டம். லாரியின் அளவு எடுத்தேன். லாட்டோகா துறைமுகத்துக்குப் போய், ஏற்றப்போகும் கண்டெய்னரின் வாயை அளந்தேன். பிரிஸ்பேனில் மகள் வீட்டு கராஜ் கதவை அவளை விட்டு அளக்கச் சொல்லிப் போனில் கேட்டுக்கொண்டேன்.

ஆணி அடிக்கிற சத்தத்துக்கு என்ன செய்வது? அதற்கும் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் ஏறும். விமானம் இரைச்சலோடு போகிற நேரமாகப் பார்த்து ஆணி அடித்தேன். விமானம் போனதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வேன். இதில் ஒரே சிக்கல், கூ நடந்ததால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, விமானங்கள் குறைந்துபோயின. என் பெட்டி ஆமை மாதிரி நகர்ந்தது. நாட்டின் பொருளாதாரத்துக்காக அந்த வருஷம் என்னைவிடக் கவலைப்பட்டவன் யாரும் இருந்திருக்க மாட்டான்.

பெட்டி முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் அக்கா வந்தார். எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. என் அப்பா கரும்பு வெட்டு முடிந்த ஒரு பருவத்தில் தன் கையால் அறுத்து இழைத்துச் செய்தது. கால் ஒன்று கொஞ்சம் குட்டை. வருஷக்கணக்காக அக்கா தினமும் அந்தக் குட்டைக்கால் பக்கம் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார், என் மனைவியோடு ஊர்வம்பு பேசுவார். பாரம் அந்தப் பக்கம் இறங்கியதும் பெஞ்சு 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் டீத்தண்ணீர் ஏறும்.

அன்றைக்கும் 'டக்' கேட்டது. டீ வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "சின்சாமி, பொட்டி முடிஞ்சிதா?" என்றார்.

"என்ன பெட்டிக்கா?"

"அரே, ப்ளேன் போயி இவ்ளோ நேரம் ஆவுது, உன் சுத்தி மட்டும் இன்னும் பறந்துகினே இருக்குது. தெருவுக்கே தெரியும்டா."

என் மனைவி சிரித்துவிட்டாள். தெருவுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் நான் ரகசியமாக இருந்தேன்.

"எப்பிடிக்கா கண்டுபிடிச்ச?"

"தீபாவளிக்கு நீ வூட்டுக்கு பெயின்ட் அடிக்கல. மாடு வந்து உன் டாலோ கெழங்கு செடிய தின்னிச்சி, நீ கல்லு எடுத்து அடிக்கல. போறவன்தான் மாட்ட வுடுவான்."

அப்புறம் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். "இத நீ எடுத்துனு போவ மாட்ட. எனக்கு வெச்சிடு."

"இது அப்பா செஞ்சதுக்கா. இத வுட்டுட்டு போவ முடியாது."

அக்கா கையை எடுக்கவில்லை. "உனக்கு அங்க மவ இருக்குறா, பேரப்புள்ள இருக்குது. எங்கள யாரு கூப்புடுவா? என் புள்ள இங்க பஸ் ஓட்டுறான். எல்லாரும் போயிடுவீங்க. சாயங்காலம் நான் எங்கடா போயி ஒக்காருவேன்?"

அது கேள்வி. விரித்துக்கொள்ளக் கையில் பேப்பர் இல்லை. "இல்லக்கா, அப்பா ஞாபகம்" என்று மறுபடியும் அதையே சொன்னேன். அப்பா உயிரோடு இருந்தபோது அந்தப் பெஞ்சைக் குட்டைக்கால் என்று கேலி செய்தவன் நான்.

"அச்சா" என்றார் அக்கா. எழுந்தார். பெஞ்சு திரும்ப ஒரு 'டக்' போட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள், ரிட்டயர்மென்டுக்கு ஆபீஸில் கொடுத்த பிரஷர் குக்கர் ஒன்று, அட்டைப்பெட்டி பிரிக்காதது, அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பளபளவென்று இருந்தது. மூடினார்.

"இதுல யாருடா இருக்குறா? இத யாரும் தொட்டுக்கூட பாக்கல. கொண்டு போ."

புதுசை வேண்டாம் என்று சொல்பவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ரோஷம் பிடித்த பொம்பளை என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். குக்கரையும் பெட்டிக்குள் வைத்தேன். பெஞ்சை அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெட்டியை மூடி ஆணி அடித்தேன். விமானத்துக்குக் காத்திருக்கவில்லை.

பெட்டிக்குள் வேறு என்ன வைத்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. புயல் பலகைகளை வைத்தேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவாக வெட்டிய பலகைகள் இருக்கும், புயல் வரும்போது எடுத்து அடிப்போம். ஒவ்வொன்றின் பின்னாலும் 'முன்னறை இடது', 'சமையல் ரூம்' என்று என் கையாலேயே பெயின்டில் எழுதியிருந்தேன். நல்ல பலகை, விட்டுப்போக மனசு வரவில்லை. பிரிஸ்பேன் வீட்டு ஜன்னல்கள் வேறு அளவில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொழில் என்னவோ அளவெடுப்பது.

லாரி வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு தடித்த ஃபிஜியன், கூட மூன்று பேர். கப்பலுக்குச் சரக்கு எடுப்பது அன்று மத்தியானத்தோடு முடிகிறது, அதற்குள் பெட்டி லாட்டோகா துறைமுகத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் குழாய்களை வைத்து உருட்டினார்கள். அழகாக உருண்டது. வாசல் வரை உருண்டது. வாசலில் நின்றுவிட்டது.

பெட்டி கதவைவிட அகலம்.

முதலில் நான் நம்பவில்லை. கதவைப் பிடித்துத் தள்ளினேன். பெட்டியைச் சாய்க்கச் சொன்னேன், திருப்பச் சொன்னேன். பெட்டியின் மூலை கதவில் இடித்து ஒரு பெரிய வடு விழுந்ததுதான் மிச்சம். லாரியையும் கண்டெய்னரையும் ஆஸ்திரேலியா கராஜையும் அளந்தவன், தினமும் இரண்டு வேளை போய்வருகிற வாசலை அளக்கவில்லை. லாரிக்காரர் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஈசா" என்றார். ஐயோ பாவம் என்று சொல்ல எங்கள் ஊரில் எல்லா ஜனங்களுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

ரகசியமாகப் போக நினைத்தவன் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. பெட்டியைப் பிரித்து, சாமானை வெளியே எடுத்து, மறுபடி வெளியில் வைத்து அடிக்கலாம் என்றார்கள். அதுதான் சரி. ஆனால் அதற்கு ஒரு நாள் ஆகும், கப்பல் போய்விடும். அதோடு எனக்குள் ஏதோ இறங்கிவிட்டது. பெட்டியைப் பார்த்தேன். வேண்டாம், போக வேண்டாம், இது சகுனம், இருந்துவிடலாம் என்று என் மனைவியிடம் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

அப்போது அக்கா வந்தார். அந்த ஒரு நாள்தான் அவர் முன்வாசல் வழியாக வந்தது. கையில் டாக்சி டிக்கியில் கிடக்கிற கடப்பாரை. பின்னால் அவர் வீட்டுக்காரர்.

"பொட்டிய பிரிக்காதீங்க" என்றார் அக்கா. "பொட்டிய பிரிச்சா இவன் போவ மாட்டான். சுவத்த பிரிங்க."

"அக்கா, வீடு வித்தாச்சி. வாங்குனவரு..."

"வாங்குனவனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ தள்ளு."

எங்கள் வீடு பலகை வீடு. முதல் நெம்பு அக்காதான் நெம்பினார். கதவு கழன்றது, நிலை கழன்றது, பக்கத்துப் பலகைகள் கழன்றன. லாரிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்து கை கொடுத்தார். பெட்டி, ஏதோ ஊர்வலம் புறப்படுகிற மாதிரி, எல்லாரும் பார்க்க மெதுவாக வெளியே வந்தது. லாரி தெருமுனை திரும்பும் வரை அக்கா கடப்பாரையோடு நின்றார். இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

சுவரில் இருந்த ஓட்டையை அடைக்கப் பலகை தேடினோம். நல்ல பலகைகள் எல்லாம் லாட்டோகா போய்க்கொண்டிருந்தன. பழைய தகரம் ஒன்றைச் சாத்திவிட்டு, விமானம் ஏறும் வரை இருந்த சில நாட்களை நானும் மனைவியும் அந்தத் தகரத்துக்குப் பின்னால் கழித்தோம். கழற்றிய கதவு புல்லில் கிடந்தது. எங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது அக்கா வீட்டுக்காரரின் டாக்சிதான். அக்கா வரவில்லை. யாரையும் வழியனுப்ப அவர் வருவதில்லை. டாக்சி புறப்படும்போது பின்பக்கம் கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பிரிஸ்பேனில் பெட்டி இறங்கியதும் குவாரன்டைன்காரர்கள் திறந்து பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், சீருடையில், என்னை மிகவும் மரியாதையாகக் கூப்பிட்டு பெஞ்சின் குட்டைக்காலைக் காட்டினாள். ஊசி குத்தினாற்போல ஓட்டைகள், கீழே மாவு மாதிரி மரத்தூள். உள்ளே வண்டு இருக்கிறது, அழித்துவிட வேண்டும் என்றாள். என் அப்பா என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அவளும் வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுவிட்டு எரித்துவிட்டார்கள். புயல் பலகைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. 'முன்னறை இடது' இப்போது என் பேரனின் முயல் கூண்டுக்குக் கூரை.

பிரிஸ்பேனில் நான் நல்லபடியாகத்தான் இருக்கிறேன். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கோயிலில் சென்னைப் பிள்ளைகள் என் தமிழைக் கேட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிறவர் மாதிரி பேசுகிறீர்களே அங்கிள் என்பார்கள். அக்காவின் பேச்சைக் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

சில வருஷங்கள் கழித்து, லாட்டோகா பக்கம் லோவுவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனேன். அரை டிரவுசர், தொப்பி, மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ. நாண்டி விமான நிலையத்தில் ஒரு டாக்சிக்காரன், "புலா சார்! எந்த ஹோட்டல்?" என்று இங்கிலீஷில் கேட்டான். நமாகா என்றேன். "முதல் தடவையா?" என்றான். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

எங்கள் பழைய வீட்டில் புதுச் சொந்தக்காரர் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார். அகலமான கதவு. என் பெட்டி தாராளமாகப் போயிருக்கும்.

அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாகவே போனேன். அக்கா சுருங்கியிருந்தார். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், அது எனக்குப் போனில் தெரியும். என்னைப் பார்த்ததும், "இன்னாடா இது, ஸ்கூல் பையன் மாதிரி டவுசரு?" என்றார். வேறு எந்த வரவேற்பும் இல்லை. மருமகள் டீ போட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, என்னையும் தெரியாது, வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு அங்கிள் என்று சிரித்தாள்.

சரோஜா முன்னறையிலேயே இருந்தாள். நாயுடு இன்னும் முந்திக்கொண்டுதான் ஓடினார். சமையலறையில் கயிறு கட்டிய கதவோடு கோபால் மாஸ்டர் உறுமிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரு எப்பிடி இருக்குறாரு?" என்றேன், கேலியாக.

"அங்க போன வருஷம் போயிட்டாராம். ஹார்ட்டாம்" என்றார் அக்கா. ஃப்ரிட்ஜைத் தட்டிக் காட்டினார். "இங்க ஓடுறாரு."

நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணால் அந்த வீட்டைத் தேடினேன். இன்னும் பலர் இருந்தார்கள். கனடாவுக்குப் போனவர்கள், நியூசிலாந்துக்குப் போனவர்கள், ஒரு சுளகாக, ஒரு அரிவாள்மனையாக, ஒரு நொண்டி மேஜையாக. அக்கா தினமும் அவர்கள் பெயரைச் சொல்லித் துடைக்கிறார், எண்ணெய் விடுகிறார், திட்டுகிறார். தெருவில் இருந்த எல்லாரும் அங்கே இருந்தார்கள், என்னைத் தவிர. என்னை அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நான் வண்டு அரித்து பிரிஸ்பேனில் சாம்பலாகிவிட்டேன்.

"பெஞ்சு எப்பிடிடா இருக்குது?" என்று அக்காவே கேட்டார்.

"எரிச்சிட்டாங்கக்கா. பூச்சி இருந்துதாம்."

"ஈசா" என்றார் அக்கா. அவ்வளவுதான். குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது, தகரக் கூரையில் கல்லைக் கொட்டினாற்போல இறங்கும். சமையலறைக்குள் சாரல் அடித்தது. அக்கா மருமகளைப் பார்த்து ஹிந்தியில் சத்தம் போட்டார்.

"சின்சாமி கே பந்த் கரோ!"

சின்சாமியை மூடு. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. நான்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தேன். மருமகள் என்னைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போய், அங்கே சுவரோடு ஒட்டித் திறந்திருந்த கதவைப் பிடித்து இழுத்தாள். பச்சைக் கதவு. நான் கோணலாகப் பொருத்திய தாழ்ப்பாள். நடுவில் என் பெட்டியின் மூலை இடித்த வடு, அதன் மேல் பெயின்ட்கூட அடிக்கவில்லை.

கதவு பாதி வரை வந்து நின்றுகொண்டது. மருமகள் தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை.

"மழ வந்தா ஊதிக்குவான்" என்று அக்கா என்னிடம் தமிழில் புகார் சொன்னார், ஏதோ தெருப்பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "இந்தப் பக்கமும் வர மாட்டான், அந்தப் பக்கமும் போவ மாட்டான். கீழ ஒரு ஒத குடுத்தாதான் கேப்பான்."

அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். மருமகள் ஒதுங்கினாள். மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவால், கீழே, அக்கா காட்டிய இடத்தில் ஓங்கி ஓர் உதை விட்டேன்.

சாத்திக்கொண்டது. மழை வெளியே நின்றது. நான் உள்ளே இருந்தேன்.